ஏற்று, கூட்டு, வை

மூன்றே சொல்.
நினைவிலிருக்கும் எண்ணைக் கைக்கு ஏற்று.
ஒன்று கூட்டு.
எடுத்த இடத்திலேயே வை.
வாசல் கணக்குக்கு நான் எழுதிய நிரல் அவ்வளவுதான்.
கார்டுகளில் துளையிட்டுக் கொடுத்த அன்று
நாலு பேருக்குப் பருத்திப்பால் வாங்கித் தந்தேன்.

ஆரப்பாளையம் தாண்டி மில். எழுபத்து நாலு.
ஊரே வேகும் சித்திரையில்
கம்ப்யூட்டருக்கு மட்டும் குளிர்.
கிழக்கு வாசலில் ஒரு பெட்டி, மேற்கில் ஒன்று.
டோக்கனைச் செருகினால்
கம்பி வழியே ஓர் உலுக்கல்:
செய்வதை நிறுத்து, என்னைப் பார்.
நாலு மணிச் சங்கு ஊதினால்
உலுக்கல் மேல் உலுக்கல்.

மாதத்தில் ஏழெட்டு நாள் ஆள் குறைந்தது.
பெரும்பாலும் ஒருவர். ஒருமுறை மூவர்.
டைம்கீப்பர் முத்திருளாண்டியின் நோட்டில் 1,412;
அச்சான தாளில் 1,411.

"மெஷின் பொய் சொல்லுமா?" என்றார் மானேஜர்.
மனுஷன் சொல்வான் என்பதில்
அந்த அறையில் யாருக்கும் சிரமமில்லை.
இல்லாத ஆளுக்குக் கோடு போட்டதாகப்
பதினாறு நாள் சஸ்பென்ஷன்.
நான் வாய் திறக்கவில்லை.
என் நிரலைத் தனியே ஓட்டிப் பார்த்திருந்தேன்.
லட்சம் முறை. லட்சமும் சரி.

தனியே என்பதுதான் பிழை.

பதினோராம் நாள்
தாள்களைத் தரையில் விரித்து
முட்டி வலிக்க ஊர்ந்துகொண்டிருந்தபோது கண்டேன்:
ஏற்று. கையில் 806.
கூட்டு. 807.
வைப்பதற்குள் மேற்கு வாசல் உலுக்குகிறது.
என் நிரல் பாதியில் உறைந்து நிற்க
அது உள்ளே வருகிறது; இன்னும் 806-ஆகவே இருப்பதை
ஏற்றி, கூட்டி, 807 என வைத்துவிட்டுப் போகிறது.
விழித்த என் நிரலுக்கு
நடுவில் யாரும் வந்துபோன தடயமில்லை.
கையிலிருக்கும் 807-ஐ அதே இடத்தில் வைக்கிறது.
வந்தவர் இருவர்.
கணக்கில் ஒருவர்.

நொடியை லட்சமாய் நறுக்கினால்
அதில் இரண்டு துணுக்குதான் அந்த இடுக்கு.
ஓர் ஆள் விழப் போதும்.

முதலில் காதை அடைத்தேன்.
எண்ணத் தொடங்குகையில் எல்லா உலுக்கலையும் மூடு,
முடிந்ததும் திற.
ஆள் குறையவில்லை. ஆனால் எங்கோ
திறக்கும் வரியைத் தள்ளிப் போட்டிருக்கிறேன்;
காந்த நாடா கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து
ஒரு வாரத்து நூல் கணக்கைத் தவறவிட்டது.

அப்புறம்தான் கையேட்டைப் புரட்டினேன்.
கடுகளவு இரும்பு வளையங்கள்,
கம்பியில் கோத்தவை: எங்கள் இயந்திரத்தின் நினைவு.
படித்தால் அழியும்.
அழித்ததைத் திரும்ப எழுதும்வரை
யார் தட்டினாலும் அது கதவு திறக்காது.
அந்த மூச்சடைப்புக்குள்ளேயே
ஒன்றைக் கூட்டிவைக்க ஒற்றைக் கட்டளை இருந்தது.
பாதியில் நிறுத்த முடியாத கட்டளை;
அதற்குப் பாதியே கிடையாது.
மூன்று கார்டைக் கிழித்து ஒன்று போட்டேன்.

பதினேழாம் நாள்
கிழக்கு வாசலுக்குப் போனேன்.
"அண்ணே" என்பதற்குள் சங்கு.
முத்திருளாண்டி இடது உள்ளங்கையை
என் முகத்துக்கு நேரே உயர்த்தினார்.
பென்சில் ஓடியது. நாலு கோடு;
ஐந்தாவது குறுக்கே விழுந்த பிறகுதான்
கை இறங்கியது.
பத்தொன்பது வருஷமாய் அந்தக் கைக்கு
மானேஜர் காரே நின்று போயிருக்கிறது.
குளிர் அறைக்கு ஜன்னல் இல்லை.

"இப்பச் சொல்லுங்க, மெஹரம்மா."

சொன்னேன். பிழை என்னுடையது என்றேன்.
விழுந்தவர்கள் யார் யாரென்று
இயந்திரத்துக்கே தெரியாது,
மேலே எழுதினால் அடியில் ஒன்றும் மிஞ்சாது
என்றும் சொன்னேன்.
பென்சில் முனையை நகத்தில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அது சரி. என் பதினாறு நாளை
எதுலம்மா கூட்டுவீங்க?"

அதற்குள் அடுத்த கும்பல் வந்துவிட்டது.
கை மறுபடி உயர்ந்தது.
சொல்ல எடுத்ததைக் கீழே வைக்க முடியாமல்
நின்றிருந்தேன்.